விந்தி நடக்கும் முன்னே

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில் பெய்ட் கியூர் என்றொரு எலும்பு மருத்துவமனை இருக்கிறது. 2002 முதல் 2012 வரையான பத்தாண்டுகளில் 16 வயதுக்கு உட்பட்ட 40,683 பேர் அங்கே சிகிச்சைக்கு வந்தார்கள். 9,842 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பின்னர் மருத்துவர்கள் அந்தப் பதிவேடுகளை அலசிப் பார்த்தபோது, வளர்ச்சிக் கோளாறால் இடுப்பு மூட்டு விலகி அதற்காக அறுவை செய்துகொண்ட குழந்தை ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது.

இது வியப்பான செய்தி. உலகின் பல பகுதிகளில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இடுப்பு மூட்டு முழுக்க விலகியிருக்கும். மலாவியில் ஏன் இல்லை? அங்கே தாய்மார்கள் குழந்தையை முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். குழந்தையின் தொடைகள் இரண்டும் தாயின் இடுப்பைக் கவ்வி அகன்றிருக்கும். மாதக்கணக்கில், பகலின் பெரும்பகுதி அப்படியே கழியும். இதுதான் மூட்டைக் காக்கிறது என்பது அந்த மருத்துவர்களின் கருத்து.

மரபுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் பழக்கத்தின் வலிமையை ஜப்பான் தெளிவாகக் காட்டியது. அங்கே முன்பெல்லாம் பச்சிளங்குழந்தையின் கால்களை நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றி வைப்பார்கள். நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றரை பேர் வரை இடுப்பு விலகலோடு இருந்தார்கள். 1975ஆம் ஆண்டு வாக்கில் ‘காலை நீட்டிக் கட்டாதீர்கள்’ என்ற பிரச்சாரம் நாடெங்கும் நடந்தது. விலகல் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. அதே மக்கள், அதே மரபு. மாறியது துணி சுற்றும் விதம் மட்டும்தான்.

குழந்தைகளின் இடுப்பு நோய்களைப் பற்றிய இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான்: இந்த நோய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் கண்டுபிடித்தால் எளிய கருவிகளே போதும். கெடு தாண்டினால் பெரிய மருத்துவமனையும் பாதிதான் சரிசெய்யும். வசதி குறைந்த ஊர்களில் குழந்தைகள் கால் ஊனமாவதற்குப் பெரும்பாலும் காரணம், கைநழுவிப் போகும் அந்தக் காலம்தான்.

குழியும் குண்டும்

தொடை எலும்பின் உச்சியில் உருண்டையான தலை இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. பிறக்கும்போது இரண்டும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். குழியின் ஆழம் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை. தலை உள்ளே இருந்து அழுத்த அழுத்தத்தான் குழி வடிவம் பெறுகிறது. ஆட்டுக்கல்லின் குழி குழவி சுழலச் சுழல வழவழப்பாகிப் பொருந்துவதைப் போல. தலை குழிக்கு வெளியே நின்றுவிட்டால் குழி ஆழமாகாமல் தட்டையாகவே வளரும், தலையும் உருண்டை வடிவத்தை இழக்கும். அதனால்தான் இதை ‘பிறவி விலகல்’ என்ற பழைய பெயரை விட்டு ‘வளர்ச்சிக் கோளாறு’ என்று மருத்துவர்கள் இப்போது அழைக்கிறார்கள். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது மூட்டு சற்றே தளர்ந்து மட்டும் இருக்கும். பிந்தைய மாதங்கள்தான் அது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம்? பெண் குழந்தைகளுக்கு; முதல் பிரசவத்தில் பிறந்தவர்களுக்கு; வயிற்றில் தலை மேலாகவும் பிட்டம் கீழாகவும் இருந்தவர்களுக்கு; பனிக்குட நீர் குறைந்திருந்தவர்களுக்கு; பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இதே கோளாறு இருந்தவர்களுக்கு. வலது இடுப்பைவிட இடது இடுப்பு அதிகம் பாதிக்கப்படும். இவற்றைத் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

கைகளே கருவி

இத்தாலியின் ஃபெராரா நகரக் குழந்தை மருத்துவர் மரினோ ஓர்டோலானி 1937இல் ஒரு பரிசோதனையை விவரித்தார். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, தொடையை மெல்ல வெளிப்பக்கம் விரித்தபடி விரல்களால் பின்னிருந்து முன்னே தூக்கினால், விலகியிருந்த தலை குழிக்குள் நழுவி விழும். அது விரலுக்குத் தெரியும். 1962இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டைச் சேர்ந்த பார்லோ இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: தொடையை உள்பக்கம் சேர்த்து மெதுவாகப் பின்னோக்கி அழுத்தினால், தளர்ந்த தலை குழியை விட்டு வெளியேறுவதை உணரலாம். இரண்டுக்கும் வேண்டியவை வெதுவெதுப்பான கை, அழாத குழந்தை, பொறுமை. வலுவாகச் செய்யக்கூடாது. ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவும் கூடாது.

பார்லோ இன்னொன்றையும் கண்டறிந்தார். பிறந்தவுடன் அறுபது குழந்தைகளில் ஒன்றுக்கு மூட்டு தளர்ந்திருந்தது. அவர்களில் 60 சதவீதம் பேருக்கு முதல் வாரத்திலேயே தானாகச் சரியானது. இரண்டு மாதத்துக்குள் 88 சதவீதம் பேருக்குச் சரியானது. இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதல் நாள் தளர்ச்சி தெரிந்ததற்காகப் பதற வேண்டியதில்லை. அதே சமயம், ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பிவிடவும் முடியாது. மறுபடி பார்த்தால்தான் சரியாகாத அந்தச் சிலர் யார் என்பது தெரியும்.

மூன்று மாதம் கடந்தால் இந்த இரு பரிசோதனைகளும் பெரும்பாலும் கைகொடுக்காது. தசைகள் இறுகிவிடும், தலை உள்ளே போகாது. அப்போது பார்க்க வேண்டியது, ஒரு தொடை மற்றதைப் போல விரிகிறதா என்பதை. துணி மாற்றும்போது ஒரு கால் மட்டும் விரிய மறுப்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது பாட்டி. இரு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களைச் சேர்த்து ஊன்றினால், விலகிய பக்கத்து முழங்கால் தாழ்ந்து தெரியும். தொடை மடிப்புகள் சமமாக இல்லாதது ஒரு துப்பு மட்டுமே. நலமான குழந்தைகளிலும் அது உண்டு.

இரண்டு பக்கமும் விலகியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கால் இல்லை. முழங்கால்கள் சமமாகவே தெரியும், மருத்துவரும் ஏமாறுவார். அதற்கும் ஒரு எளிய வழி உண்டு. தொடையின் வெளிப்புற எலும்பு முண்டில் நடுவிரலையும், இடுப்பெலும்பின் முன்முனையில் ஆட்காட்டி விரலையும் வைத்து, அந்தக் கோட்டை மனதால் நீட்ட வேண்டும். நலமான மூட்டில் கோடு தொப்புளையோ அதன் மேற்பகுதியையோ நோக்கும். விலகிய மூட்டில் தொப்புளுக்குக் கீழே போகும்.

கைகள் தவறவிடுவதைப் பிடிக்க ஸ்கேன் இருக்கிறது. ஆஸ்திரிய மருத்துவர் ரெய்ன்ஹார்ட் கிராஃப் 1980இல் குருத்தெலும்பு நிலையிலுள்ள இடுப்பை ஒலியலையால் படம் பிடித்து, குழியின் சாய்வைக் கோணமாக அளக்கும் முறையைத் தந்தார். இது பணக்கார நாடுகளுக்கு மட்டுமே ஆன வித்தை அல்ல என்பதை மங்கோலியா காட்டியது. சுவிஸ் மருத்துவர்களின் துணையோடு உள்ளூர் மருத்துவர்கள் இந்த முறையைக் கற்றார்கள். உலான்பாத்தரின் பெரிய மகப்பேறு மருத்துவமனையில் ஓராண்டில் 8,356 பச்சிளங்குழந்தைகளுக்கு இடுப்பு ஸ்கேன் செய்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 1.3 சதவீதம். அவர்களுக்கு வீட்டிலேயே அணியக்கூடிய மடக்குப் பட்டை போட்டார்கள்.

ஸ்கேன் இல்லாத ஊரில், நான்கு முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு சாதாரண எக்ஸ்ரே உதவும். அந்த வயதில்தான் தலையின் நடுவே எலும்புப் புள்ளி தோன்றத் தொடங்குகிறது. அதற்கு முன் குருத்தெலும்பு படத்தில் தெரியாது. எக்ஸ்ரேவின் மேல் பென்சிலாலும் அளவுகோலாலும் இரண்டு கோடுகள் போட்டால், தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குழி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பட்டையிலிருந்து கத்தி வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் அடால்ஃப் லோரன்ஸ் உலகப் புகழ் பெற்றிருந்தார். விலகிய இடுப்பைக் கத்தியின்றிக் கையாலேயே வலுவாக இழுத்து உள்ளே தள்ளி, கால்களை அகல விரித்து மாவுக்கட்டுப் போடுவது அவர் முறை. மூட்டு உள்ளே போகும். ஆனால் வன்மையாக விரித்து அசையாமல் பூட்டியதில் பல குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப் போனது.

செக் நாட்டு மருத்துவர் ஆர்னோல்ட் பாவ்லிக் 1940களில் வேறு விதமாக யோசித்தார். அவர் செய்த பட்டையில் தோளிலிருந்து வரும் வார்கள் குழந்தையின் கால்களை மடங்கிய நிலையில் மட்டும் தாங்கும். குழந்தை உதைக்கலாம், அசையலாம். அந்த உதையும் காலின் எடையுமே தொடையை மெல்ல விரித்து, தலையைத் தானாகக் குழிக்குள் கொண்டுவரும். துணி, வார், பக்கிள் தவிர இதில் வேறெதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் குணமாகிறார்கள்.

பட்டை எளிது என்பதற்காகக் கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பார்த்து, குழந்தை முழங்காலை நீட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். நீட்டவில்லையென்றால் நரம்பு அழுந்தியிருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் தலை குழிக்குள் வரவில்லையென்றால் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். தொடர்ந்து போட்டால் குழியின் பின்விளிம்பு தேய்ந்துவிடும். தினக்கூலிக் குடும்பத்துக்கு வாராவாரம் வருவதென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பட்டையின் விலையைவிட இந்தப் பயணச் செலவுதான் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறது. இந்தப் பரிசோதனையை வீட்டுக்கு அருகிலேயே செய்ய உள்ளூர் செவிலியரைப் பழக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை என்றால் மயக்க மருந்து கொடுத்து, மூட்டைக் கையால் மெல்ல உள்ளே வைத்து, மார்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. அதற்கும் பிறகு கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து தலையை உள்ளே வைக்க வேண்டும். பெரும்பாலும் தொடை எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குறுக்கி இறுக்கத்தைத் தணிக்க வேண்டும், கனடாவின் ராபர்ட் சால்டர் வகுத்த முறையில் இடுப்பெலும்பை வெட்டிச் சாய்த்துக் குழிக்குக் கூரை அமைக்க வேண்டும். மூன்றையும் ஒரே மயக்கத்தில் செய்வது தூரத்து ஊரிலிருந்து வரும் குடும்பத்துக்குப் பெரிய உதவி. எட்டு வயதை ஒட்டிப் போனால், அதுவும் இருபக்கமும் விலகியிருந்தால், அறுவையின் தீங்கு நன்மையை மிஞ்சலாம். சும்மா விடுவதே நல்லது என்று மருத்துவரே சொல்ல நேரும்.

இதில் வருத்தமான உண்மை, விலகிய இடுப்பு சிறுவயதில் வலிக்காது என்பது. குழந்தை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கும். ‘நடந்து பழகினா சரியாயிடும்’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். வலியில்லாததால் வீட்டாரும் நம்புவார்கள். வலி இளமையில் வரும், மூட்டு தேய்ந்த பிறகு. விந்தி நடக்கும் எந்தக் குழந்தைக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

மணிக்கணக்கில் தீர்மானமாகும் நோய்

இடுப்பு விலகலில் கெடு மாதங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் கெடு மணிக்கணக்கு.

1874இல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்மித் கைக்குழந்தைகளின் இடுப்பைச் சீழ் அழிப்பதை விவரித்தார். 150 ஆண்டுகள் ஆகியும் அதே நோய், அதே அழிவு, ஏழை நாடுகளில் இன்னும் தொடர்கிறது. கிருமி ரத்தத்தின் வழி மூட்டுக்கு வருகிறது. சீழிலுள்ள நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கின்றன. மூட்டுறைக்குள் ஏறும் அழுத்தம் தலைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துகிறது. சில நாட்களில் தலை முழுவதும் கரைந்துபோகலாம். பிற்பாடு எந்த அறுவையாலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரு காலை மட்டும் அசைக்காது; துணி மாற்றும்போது வீறிட்டு அழும்; பால் குடிக்க மறுக்கும். நம் வீடுகளில் இதைப் பார்த்தால் ‘குழந்தைக்கு உரம் விழுந்திருக்கு’ என்று சொல்லி, உரம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோவார்கள். எண்ணெய் தடவி வழிப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளில் மூட்டு போய்விடும். காலை அசைக்காத குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சற்றுப் பெரிய குழந்தைக்கு இடுப்பு வலி வந்தால், அது தானே ஆறும் சாதாரண வீக்கமா, சீழா என்று பிரிக்க 1999இல் பாஸ்டன் மருத்துவர் கோச்சர் நான்கு குறிகளைத் தந்தார்: காலை ஊன்ற மறுப்பது, 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ரத்த அணுக்கள் படியும் வேகம் (ஈ.எஸ்.ஆர்.) 40க்கு மேல், ரத்த வெள்ளணுக்கள் 12,000க்கு மேல். நான்கும் இருந்தால் சீழ் ஏறத்தாழ உறுதி என்றது அந்த ஆய்வு. பிறகு வேறு இடங்களில் சோதித்தபோது அவ்வளவு உறுதி கிடைக்கவில்லை. ஆனாலும் தாலுகா மருத்துவமனையிலேயே பார்க்கக்கூடிய இந்த நான்கும், யாரை உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்க்கலாம். சீழ் என்றால் மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். இந்த அறுவைக்கு விலையுயர்ந்த உலோகம் எதுவும் வேண்டாம். நடு இரவில் ஒரு மயக்க மருந்து நிபுணரும் ஒரு அறுவை மருத்துவரும் வேண்டும்.

வாரக்கணக்கில் மெதுவாக வளரும் வலி, தூக்கத்தில் திடீரென்று அலறல், இளைத்த தொடை, குறையும் எடை என்றால் காசநோயை நினைக்க வேண்டும். முதுகெலும்புக்கு அடுத்தபடி அது அதிகம் தாக்கும் மூட்டு இடுப்புதான். அரசு தரும் இலவச மருந்து அதைக் குணமாக்கும், மூட்டு அழியுமுன் தொடங்கினால்.

முழங்கால் வலி என்று வரும் பிள்ளைகள்

இடுப்பிலும் முழங்காலிலும் உணர்வைச் சுமக்கும் நரம்பு ஒன்றே இருப்பதால், இடுப்பு நோய் உள்ள பிள்ளை முழங்காலைக் காட்டி அழுவது வழக்கம். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒன்றும் இல்லை என்று தைலம் கொடுத்து அனுப்புவார்கள். இப்படித் தவறும் நோய்கள் இரண்டு.

முதலாவது பெர்த்திஸ் நோய். 1910இல் அமெரிக்காவின் லெக், பிரான்சின் கால்வே, ஜெர்மனியின் பெர்த்திஸ் மூவரும் தனித்தனியே விவரித்தது. நான்கு முதல் எட்டு வயதுப் பையன்களுக்கு அதிகம் வருகிறது. காரணம் புலப்படாமல் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் தடைபட்டு எலும்பு சாகிறது. பிறகு உடைந்து, மறுபடி புதிதாக வளர்கிறது. தென்மேற்கு இந்தியக் கடலோரத்தில் இது அதிகம். மேலைநாடுகளைவிட இங்கே சற்றுப் பெரிய வயதில் தொடங்குகிறது. மணிப்பாலில் பெஞ்சமின் ஜோசப்பும் குழுவினரும் 610 குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை வரிசைப்படுத்தி 2003இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். நோய் எந்தக் கட்டத்தில் தலையைச் சப்பையாக்குகிறது என்பதே அவர்கள் தேடிய கேள்வி. எலும்பு உடையும் கட்டத்தின் பிற்பகுதியில் என்பது விடை. அதற்கு முன்பே தொடையை விரித்து வைத்தோ, எலும்பை வெட்டிச் சாய்த்தோ தலையைக் குழிக்குள் பொதிந்துவிட்டால், புது எலும்பு உருண்டையாக வளரும். உலகெங்கும் பயன்படும் இந்த அறிவு நம் பக்கத்துக் குழந்தைகளின் சாதாரண எக்ஸ்ரேக்களிலிருந்து பிறந்தது. தொடை எலும்பின் தலை சாகும் எல்லாக் குழந்தைகளுக்கும் பெர்த்திஸ்தான் என்றும் முடிவுகட்டக் கூடாது. நீலகிரிப் பழங்குடிக் குழந்தைகளிடம் அரிவாள் செல் சோகையையும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, பத்து வயதுக்கு மேல் வரும் தலை நழுவல். வேகமாக வளரும் வயதில், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு உடல் எடையைத் தாங்காமல், தொடை எலும்பின் தலை அதன் கழுத்தை விட்டு நழுவும். பருமனான பிள்ளைகளுக்கு அதிகம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013இல், வைட்டமின் டி குறைபாட்டோடு இப்படி நழுவிய 15 பேரைப் பற்றி எழுதினார்கள். அதனால் நம் நாட்டில் மெலிந்த பிள்ளையையும் விட்டுவிடக்கூடாது. முன்பக்க எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் தொடக்க நிலை தெரியாது. கால்களை விரித்து மடக்கி எடுக்கும் தவளை நிலைப் படத்தில் தெரியும். அதற்குக் கூடுதலாக ஒரு ஃபிலிம்தான் செலவு. கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து பிள்ளையை நடக்க விடக்கூடாது. ஒரே ஒரு திருகாணி அந்தத் தலையை நிறுத்திவிடும். முழுக்க நழுவிய பிறகு வந்தால் தலை செத்துப்போகும் ஆபத்து உண்டு.

செய்ய வேண்டியது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், ஏழை ஊர் ஒன்றுக்கு முதலில் வேண்டியது புதிய இயந்திரமல்ல. குழந்தையின் இடுப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கான சாலை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் குழந்தைகள் பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதத்திலும் தடுப்பூசிக்கு வருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களைப் பெயர் சொல்லி அறிவார். இந்த ஒவ்வொரு வருகையிலும், நடக்கும் வயது வரை இடுப்பைப் பார்க்க வேண்டும், சந்தேகமோ ஆபத்துக் காரணமோ உள்ளவர்களுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நோய்கள் பட்டியலில் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் கோளாறும் இருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைக்கு இலவசச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. தாளில் உள்ளதை விரல்நுனிக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. ஒவ்வொரு தடுப்பூசி அட்டையிலும் ‘இடுப்பு பார்த்தாயிற்று’ என்று ஒரு கட்டம் அச்சிட்டால், அந்தக் கட்டமே பரிசோதனையை நினைவூட்டும்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. பச்சைக் குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். குளிப்பாட்டும்போது கால்களைப் பிடித்து இழுத்து நிமிர்த்தாதீர்கள். கழுத்து நின்ற குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்கும் நம் பழக்கத்தை விடாதீர்கள். அது மூட்டுக்கு நல்லது. துணி மாற்றும்போது இரு தொடைகளும் ஒன்றுபோல விரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு காலை அசைக்காத குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முழங்கால் வலி என்று சொல்லும் பிள்ளைக்கு இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது, செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்: ‘குழந்தையின் இடுப்பையும் ஒருமுறை பாருங்கள்.’